32-வது விநாடியில் துண்டாகும் அழைப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

புகார் எப்போதும் ஒரே மாதிரிதான் வரும். "லைன் கிடைக்கிறது, பேசுகிறோம், அரை நிமிஷத்தில் கட்டாகிவிடுகிறது." கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் 32 விநாடியை ஒட்டியே துண்டாகும். ஃபோனில் ரெஜிஸ்டர் ஆனதற்கான பச்சைக் குறி இருக்கும். பிங் ஒழுங்காகப் போகும். சர்வரைப் பார்ப்பவர் ஃபயர்வாலைக் கைகாட்டுவார். ஃபயர்வாலைப் பார்ப்பவர் தன் பதிவேட்டில் எதுவும் தடுக்கப்படவில்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

நெட்வொர்க், ஃபயர்வால், விர்ச்சுவலைசேஷன் (ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கற்பனைக் கம்ப்யூட்டர்களை ஓட்டுவது), இணையத் தொலைபேசி ஆகியவற்றை நான்கு தனித்தனிப் படிப்புகளாக முடித்தவர்கள் இந்தப் பிழையின் முன்னால் தடுமாறுகிறார்கள். பிழை அந்த நான்கில் எதற்குள்ளும் இல்லை, அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில் இருக்கிறது. அதனால் இதை ஒரே கம்ப்யூட்டரில் வேண்டுமென்றே உண்டாக்கி, ஒரு பாக்கெட்டின் (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலத்தின்) பின்னாலேயே நடந்து போய்க் கண்டுபிடிப்பதுதான் நான்கையும் சேர்த்துக் கற்க மிக நல்ல வழி என்பது எங்கள் உறுதியான கருத்து. செலவு என்று எதுவும் இல்லை. எல்லாம் இலவச மென்பொருள்.

தேவையானவை

8 ஜிபி ரேம், நான்கு கோர் உள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் போதும். பயாஸில் விர்ச்சுவலைசேஷனுக்கான இன்டெல் விடி-எக்ஸ் அல்லது ஏஎம்டி-வி இயக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் விஎம்களை (கற்பனைக் கம்ப்யூட்டர்களை) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளை நிறுவுங்கள். வீட்டு ரவுட்டரோடு கேபிள் வழியாக இணையுங்கள், வைஃபை வேண்டாம். சாதாரண வைஃபை இணைப்பு, தனக்குப் பின்னால் இருக்கும் விஎம்களின் மேக் முகவரிகளை (நெட்வொர்க் அட்டைகளின் அடையாள எண்களை) கடத்தாது. பிரிட்ஜ் (விஎம்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் கற்பனை ஸ்விட்ச்) அமைத்தாலும் பாக்கெட் போய்ச் சேராது.

ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டு பிரிட்ஜ்கள் வேண்டும். முதலாவது விஎம்பிஆர்0. நிறுவும்போதே உருவாகும் இது வீட்டு நெட்வொர்க்கைத் தொடும். வீட்டு நெட்வொர்க் 192.168.1.0/24 என்று வைத்துக்கொள்வோம். நம் ஆய்வில் இதுதான் 'வெளியுலகம்'. இரண்டாவது விஎம்பிஆர்1. இதற்கு எந்த நிஜ நெட்வொர்க் அட்டையையும் கொடுக்காதீர்கள். இது 10.20.0.0/24 என்ற 'உள் அலுவலகம்'.

மூன்று விஎம்கள். ஃபயர்வாலான பிஎஃப்சென்ஸுக்கு எண் 100, 2 ஜிபி ரேம், இரண்டு விர்ட்ஐஓ (கற்பனை நெட்வொர்க்) அட்டைகள், ஒவ்வொரு பிரிட்ஜிலும் ஒன்று. அதன் வெளிமுகவரி 192.168.1.50, உள்முகவரி 10.20.0.1. தொலைபேசிச் சர்வரான ஆஸ்டரிஸ்க்குக்கு எண் 101, 1 ஜிபி ரேம், விஎம்பிஆர்1-இல் ஒரே அட்டை, முகவரி 10.20.0.10. மூன்றாவது, பிரவுசர் உள்ள இலகுவான லினக்ஸ் டெஸ்க்டாப், 2 ஜிபி ரேம், அதுவும் விஎம்பிஆர்1-இல். பிஎஃப்சென்ஸின் நிர்வாகப் பக்கம் உள்பக்கத்திலிருந்து மட்டுமே திறக்கும் என்பதற்காகவே இது. விஎம் உருவாக்கும்போது நெட்வொர்க் அட்டைக்குப் பக்கத்தில் ஃபயர்வால் என்ற பெட்டி தானாகவே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடுங்கள். இருந்தால் ஒவ்வொரு அட்டைக்கும் இடையில் இன்னொரு பிரிட்ஜ் முளைத்து, பின்னால் பாக்கெட் பிடிக்கும்போது குழப்பும்.

ஆஸ்டரிஸ்க்குக்கு உபுண்டு சர்வர் 24.04 எடுத்துக்கொள்ளுங்கள். டெபியன் 12-இன் களஞ்சியத்தில் ஆஸ்டரிஸ்க் பொதி இல்லை. அங்கே நிறுவப் பார்த்தால் பொதி கிடைக்கவில்லை என்ற பதில்தான் வரும். இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்கள் பல, ஆஸ்டரிஸ்க்கில் சிப் (அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் உள்ள சிக்னல் விதிமுறை) பேசும் பழைய சான்சிப் தொகுதியை வைத்து எழுதப்பட்டவை. அது ஆஸ்டரிஸ்க் 21-இல் நீக்கப்பட்டுவிட்டது. இங்கே அதன் இடத்துக்கு வந்த பிஜேசிப் மட்டுமே. இந்த வேறுபாடு நம் பிழையின் கதையிலேயே பின்னர் வரும்.

வெளியே இருக்கும் ஃபோனாக ஒரு லேப்டாப்பில் மென்பொருள் ஃபோன் போடுங்கள். கைபேசியில் போட்டாலும் அழைப்பு போகும், ஆனால் அந்த முனையில் வயர்ஷார்க் (பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) ஓட்ட வேண்டியிருப்பதால் லேப்டாப்தான் வசதி. அதன் முகவரி 192.168.1.77 என்று கொள்வோம். மென்பொருள் ஃபோனில் அவுட்பவுண்ட் ப்ராக்ஸி என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். வெளிமுகவரியையும் பாதையையும் தானே கண்டறிய உதவும் ஸ்டன், ஐஸ் இரண்டையும் அணைத்து வையுங்கள். இவை இருந்தால் பிழை ஒளிந்துகொள்ளும்.

ஃபயர்வாலில் முதல் மூன்று இடறல்கள்

பிஎஃப்சென்ஸின் வான் (WAN, வெளி நெட்வொர்க்) பக்கத்தில், தனியார் முகவரிகளிலிருந்து வருவதைத் தடுக்கும் அமைப்பு ஆரம்பத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். உண்மையான இணையத்தில் அது மிகச் சரி. நம் 'வெளியுலகம்' 192.168-இல் தொடங்குவதால் இங்கே எல்லாமே தடுபடும். இந்த ஆய்வுக்கு மட்டும் அதை நீக்குங்கள்.

இரண்டாவது, விர்ட்ஐஓ அட்டைகளோடு வரும் செக்சம் (பாக்கெட் பழுதாகாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) சிக்கல். விஎம் அனுப்பும் பாக்கெட்டுக்கு செக்சம் கணக்கிடும் வேலையை அட்டை செய்யும் என்று எல்லோரும் நம்பியிருக்க, அட்டையோ கற்பனை அட்டை. விளைவு விசித்திரமானது: பிங் போகும், மற்றவை போகாது அல்லது நத்தை வேகத்தில் போகும். சிஸ்டம், அட்வான்ஸ்டு, நெட்வொர்க்கிங் பக்கத்தில் ஹார்ட்வேர் செக்சம் ஆஃப்லோடை முடக்கும் பெட்டியை டிக் செய்து, பிஎஃப்சென்ஸை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். ஃபயர்வால் விதியைத் திருத்தித் திருத்தி ஒரு நாள் முழுக்க வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூன்றாவது போர்ட் ஃபார்வர்ட், அதாவது வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு வருவதை உள்ளே இருக்கும் சர்வருக்குத் திருப்புவது. சிக்னலுக்கான யுடிபி 5060, குரலுக்கான யுடிபி 10000 முதல் 10200 வரை, இரண்டும் 10.20.0.10-க்குப் போக வேண்டும். ஆஸ்டரிஸ்க்கின் வழக்கமான குரல் போர்ட் வரம்பு 10000 முதல் 20000 வரை. அத்தனையும் தேவையில்லை. ஓர் அழைப்பின் ஒரு முனைக்கு குரலைச் சுமக்கும் ஆர்டிபிக்கு ஒன்று, அதைக் கண்காணிக்கும் ஆர்டிசிபிக்கு ஒன்று என இரண்டு போர்ட். இரு முனைகளும் ஆஸ்டரிஸ்க் வழியாகப் போனால் நான்கு. ஒரே நேரத்தில் 20 அழைப்புகள் என்றாலும் 80 போர்ட் போதும். ஆர்டிபி அமைப்புக் கோப்பிலும் அதே 10000, 10200 எண்களைப் போட மறக்காதீர்கள். ஃபயர்வாலில் குறுக்கிவிட்டு ஆஸ்டரிஸ்க்கில் விட்டுவிட்டால், அழைப்புக்கு அழைப்பு அதிர்ஷ்டம் மாறும்.

ஆஸ்டரிஸ்க்கில் ஒரே ஒரு பயனர், ஜி.711 ஏ-லா கோடெக் (குரலை எண்களாக்கும் முறை) மட்டும். டயல் செய்ய இரண்டு எண்கள். 600 அடித்தால் ஆன்சர், பிறகு எக்கோ: நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பும். 601 அடித்தால் ஆன்சர், பிறகு மில்லிவாட்: 1004 ஹெர்ட்ஸில் ஒரு சீரான ஒலி. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் குரல் எந்தத் திசையில் போகிறது, எந்தத் திசையில் நிற்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

பிழை வெளிப்படுதல்

இப்போது எதையும் கூடுதலாக அமைக்காமல் லேப்டாப்பிலிருந்து 601-ஐ அழையுங்கள். ஒலி கேட்கும், 32 விநாடியில் கட்டாகும். 600-ஐ அழையுங்கள். பேசுவது திரும்பி வராது, மௌனம், அதே 32-இல் கட்டாகும். சர்வரிலிருந்து வெளியே குரல் போகிறது, வெளியிலிருந்து உள்ளே வரவில்லை. (சில ஃபோன்கள் குரல் எங்கிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்பும் புத்தி உள்ளவை. அவற்றில் 600-உம் வேலை செய்யும், ஆனால் 32-இல் கட்டாவது மாறாது.)

இனி பாக்கெட்டைப் பிடிப்போம். விஎம்களின் பெரிய வரம் இங்கேதான். நிஜ அலுவலகத்தில் ஒவ்வொரு கேபிளுக்கும் இடையில் கருவி வைத்துக் கேட்பது பெரும்பாடு. ப்ராக்ஸ்மாக்ஸிலோ ஒவ்வொரு விஎம் அட்டைக்கும் ஹோஸ்டில் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் கம்ப்யூட்டரில்) ஒரு டேப் இடைமுகம் இருக்கிறது. அதன் பெயரிலேயே விஎம் எண்ணும் அட்டை எண்ணும் இருக்கும். பாக்கெட் பிடிக்கும் கட்டளையான டிசிபிடம்ப்பை ஹோஸ்டிலேயே ஓட்டி, 100-இன் வெளி அட்டை, 100-இன் உள் அட்டை, 101-இன் அட்டை மூன்றிலும் ஒரே நேரத்தில் பிடித்து மூன்று கோப்புகளாகச் சேமியுங்கள். நான்காவது, லேப்டாப்பில் வயர்ஷார்க்.

முதலில் ஆஸ்டரிஸ்க் பக்கக் கோப்பைத் திறங்கள். இன்வைட் (அழைப்புக் கோரிக்கை) வருகிறது. ஆஸ்டரிஸ்க் 401 அனுப்பி கடவுச்சொல் கேட்கிறது. ஃபோன் ஆக் (ACK, பதில் கிடைத்தது என்ற உறுதிச் செய்தி) அனுப்புகிறது, பிறகு கடவுச்சொல் விடையோடு புது இன்வைட். அதற்கு 100 (முயல்கிறேன்), பிறகு 200 ஓகே (அழைப்பு எடுக்கப்பட்டது). அதன் பிறகு மறுபடி அதே 200 ஓகே. மறுபடியும். அரை விநாடியில் ஒன்று, 1.5-இல், 3.5-இல், 7.5-இல், அதற்குப் பின் நான்கு நான்கு விநாடி இடைவெளியில் 31.5 வரை. முதலாவதையும் சேர்த்து மொத்தம் 11 பிரதிகள். 32-இல் ஆஸ்டரிஸ்க் பை (BYE, அழைப்பை முடிக்கும் செய்தி) அனுப்புகிறது. அழைப்பு முடிகிறது.

இந்த இடைவெளிகள் யாரோ மனம்போன போக்கில் வைத்தவை அல்ல. 2002 ஜூனில் வந்த, சிப் விதிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணம், டி1 என்ற அடிப்படை நேரத்தை 500 மில்லி விநாடி என்கிறது. ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகி 4 விநாடியில் நிலைபெறும். டி1-ஐப் போல 64 மடங்கு நேரம் ஆகியும் 200 ஓகேக்கு ஆக் வரவில்லை என்றால் பை அனுப்பி முடிக்கச் சொல்கிறது. 64 மடங்கு 500 மில்லி விநாடி என்பது 32 விநாடி. ஆக, 32 என்ற எண்ணைக் கேட்டவுடனேயே "ஆக் வரவில்லை" என்று சொல்லிவிடலாம். எந்தக் கருவியும் வேண்டாம்.

இங்கே பலர் ஏமாறுவது முதல் ஆக்கைப் பார்த்து. "ஆக் வந்திருக்கிறதே, இதோ" என்று காட்டுவார்கள். அது 401-க்கான ஆக். அதுவும் 200-க்கான ஆக்கும் ஒரே பெயர் கொண்ட இரண்டு வேறு பிராணிகள். தோல்விப் பதிலுக்கான ஆக், இன்வைட் போன அதே முகவரிக்கு, அதே பரிமாற்றத்தின் பகுதியாகப் போகும். வெற்றிப் பதிலுக்கான ஆக் புதுப் பரிமாற்றம். அது 200 ஓகேயின் கான்டாக்ட் வரியில் என்ன முகவரி எழுதியிருக்கிறதோ அங்கே போகும். ரெஜிஸ்டர் சரியாக நடப்பதற்கும் இதே விளக்கம்தான்: பதில்கள் வயா வரியைப் பிடித்து வந்த வழியே திரும்புகின்றன, கான்டாக்ட்டை யாரும் கேட்பதில்லை.

இப்போது லேப்டாப் கோப்பு. வந்து சேர்ந்த 200 ஓகேயைத் திறந்து கான்டாக்ட் வரியைப் பாருங்கள்: 10.20.0.10. கீழே எஸ்டிபியில் (குரல் இணைப்பின் விவரப் பகுதியில்) குரலுக்கான முகவரி: அதுவும் 10.20.0.10. அதற்கு அடுத்த பாக்கெட்டாக ஆக் வெளியேறுகிறது. சேருமிடம் 10.20.0.10. ஈதர்நெட் வரியில் சேருமிட மேக் முகவரியை ஒப்பிடுங்கள். அது பிஎஃப்சென்ஸின் மேக் அல்ல, வீட்டு ரவுட்டரின் மேக். லேப்டாப்புக்கு 10.20.0.0 என்ற நெட்வொர்க் எங்கே இருக்கிறது என்று தெரியாது, அதனால் டீஃபால்ட் கேட்வேயிடம் கொடுக்கிறது. வீட்டு ரவுட்டர் அதை இணையத்தின் பக்கம் தள்ளும். 10-இல் தொடங்கும் முகவரி பொது இணையத்தில் எங்கும் போய்ச் சேராது. அதோடு கதை முடிந்தது. ஒவ்வொரு 200 ஓகேக்கும் ஃபோன் ஓர் ஆக் அனுப்புவதால், லேப்டாப்பில் 11 ஆக்குகள் வரிசையாக நிற்கும். பிஎஃப்சென்ஸின் வெளி அட்டைக் கோப்பில் அவற்றில் ஒன்றுகூட இருக்காது. ஃபயர்வால்காரர் சொன்னது உண்மை. வாசலுக்கே வராததை யாரும் தடுக்க முடியாது.

நாட் (NAT, ஃபயர்வால் செய்யும் முகவரி மாற்றம்) செய்யும் வேலையின் எல்லை இதுதான். தபால்காரர் உறைமேல் இருக்கும் அனுப்புநர் முகவரியை மாற்றி எழுதலாம், உள்ளே கடிதத்தில் "எனக்கு இந்த முகவரிக்குப் பதில் போடு" என்று எழுதியிருப்பதை அவர் பிரித்துத் திருத்துவதில்லை. பிஎஃப்சென்ஸ் ஐபி தலைப்பை 192.168.1.50 என்று மாற்றியது. சிப் செய்தியின் உடலுக்குள் இருந்த 10.20.0.10 அப்படியே போய்விட்டது. சில ரவுட்டர்களில் உள்ள சிப் ஏஎல்ஜி என்ற வசதி அந்த உள்வரிகளையும் திருத்தப் பார்க்கும். அரைகுறையாகத் திருத்தி, வேறு புதுப் பிழைகளைக் கொண்டுவரும் என்பதால் அதை அணைத்து வைப்பதே நல்லது. தன் வெளிமுகவரி என்ன என்று ஆஸ்டரிஸ்க்குக்கே தெரிய வேண்டும்.

பாதித் திருத்தம் என்னும் பொறி

பழைய சான்சிப்பில் வெளிமுகவரிக்கு வழக்கமாக ஒரே வரிதான் போடுவார்கள். சிக்னலுக்கும் குரலுக்கும் அதுவே போதும். பிஜேசிப்பில் டிரான்ஸ்போர்ட் பகுதியில் இரண்டு தனித்தனி வரிகள்: எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ், எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ். குரல் வரவில்லை என்ற புகாருக்கு ஓடிவருபவர் மீடியா வரியை மட்டும் போடுவார். 600-ஐ அழைத்துப் பார்ப்பார், இருபக்கமும் குரல் தெளிவாகக் கேட்கும், பத்து விநாடி பேசிவிட்டு வைத்துவிடுவார். வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார். மறுநாள் காலை "32 விநாடியில் கட்டாகிறது" என்ற புகார் வரும். வேண்டுமென்றே இந்த நிலையை உண்டாக்கிப் பாருங்கள். 200 ஓகேயில் எஸ்டிபி முகவரி 192.168.1.50 ஆக மாறியிருக்கும், கான்டாக்ட் மட்டும் பழைய 10.20.0.10-இலேயே நிற்கும். ஒரே செய்திக்குள் இரண்டு முகவரிகளும் ஒன்றையொன்று மறுப்பதைக் கண்ணால் பார்த்தவருக்கு இந்தப் பாடம் மறக்காது.

முழுத் திருத்தம் மூன்று வரிகள். மேலே சொன்ன இரண்டு முகவரி வரிகளிலும் 192.168.1.50. மூன்றாவதாக லோக்கல் நெட் 10.20.0.0/24. இந்த மூன்றாவதில்தான் அடுத்த பொறி. மாதிரிக் கோப்புகளில் 192.168.0.0/16 என்று இருப்பதைப் பார்த்து அப்படியே ஒட்டினால், 192.168.1.77-இல் இருக்கும் வெளி ஃபோனையும் உள்ளூர் ஃபோன் என்று ஆஸ்டரிஸ்க் நினைத்துக்கொள்ளும், எந்த முகவரியையும் மாற்றாது. உள்பக்கம் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும்.

எழுதிவிட்டு ரீலோட் கொடுத்தால் போதாது. பிஜேசிப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதி வழக்கமான அமைப்பில் ரீலோடுக்கு அசையாது. ஆஸ்டரிஸ்க்கையே ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சரியான வரிகளை எழுதியும் பலன் இல்லை என்று அழித்துவிட்டு வேறு எதையோ முயல்கிறவர்கள் நிறையப் பேர் இந்த ஒரே காரணத்தால்தான்.

தவறான மருந்துகளையும் சொல்லியாக வேண்டும். ஃபயர்வாலில் எல்லாவற்றையும் திறந்துவிடுவதால் எந்தப் பயனும் இல்லை, ஆக் அங்கே வருவதே இல்லையே. உண்மையான இணையத்தில் அப்படி 5060-ஐத் திறந்துவைத்தால் கடவுச்சொல் தேடும் ஸ்கேனர்கள் வந்து மொய்க்கும், ஒரு பலவீனமான கடவுச்சொல் போதும், உங்கள் கணக்கில் வெளிநாட்டு அழைப்புகள் பறக்கும். யுடிபியிலிருந்து டிசிபிக்கு மாறுவதையும் மருந்தாக நம்ப முடியாது. 200 ஓகேயை ஆக் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும் என்ற விதி, டிசிபிக்கும் பொருந்தும். கான்டாக்ட் தவறாக இருந்தால் தவறான முகவரிக்கே ஃபோன் இணைப்பு தேடும்.

சரியானதைச் சரிபார்த்தல்

601-ஐ அழையுங்கள். 200 ஓகே ஒரே ஒரு முறை போயிருக்க வேண்டும். ஆக் நான்கு கோப்புகளிலும் தெரிய வேண்டும். பிஎஃப்சென்ஸின் வெளி அட்டையில் 192.168.1.50-க்கும், உள் அட்டையில் 10.20.0.10-க்கும் போகும் அதே ஆக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாட் என்பது இதைவிடத் தெளிவாக எந்தப் படத்திலும் புரியாது.

குரலைக் காதால் கேட்டு மட்டும் முடிவுசெய்யாதீர்கள், எண்ணிப் பாருங்கள். ஜி.711-இல் 20 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட், அதாவது விநாடிக்கு 50. ஒவ்வொன்றிலும் 160 பைட் குரல், ஆர்டிபி 12, யுடிபி 8, ஐபி 20, ஆக 200 பைட். வயர்ஷார்க் ஈதர்நெட் தலைப்பு 14-ஐயும் சேர்த்து 214 என்று காட்டும். ஐபி அளவில் ஒரு திசைக்கு விநாடிக்கு 80 கிலோபிட். 32 விநாடி அழைப்பில் ஒரு திசையில் 1600 பாக்கெட் இருக்க வேண்டும். வெளி அட்டையில் 1600, ஆஸ்டரிஸ்க் அட்டையில் 1550 என்றால் ஃபயர்வால் விஎம்மில் சிக்கல். இரண்டிலும் 1600 இருந்தும் குரல் உடைகிறது என்றால் பாக்கெட்டுகளின் இடைவெளியைப் பாருங்கள். ஹோஸ்டின் கோர்களை அளவுக்கு மீறி விஎம்களுக்குப் பங்கிட்டிருந்தால் 20 மில்லி விநாடி தாளம் குலையும். விஎம்முக்குள் டாப் கட்டளையில் ஸ்டீல் என்ற சதவீதம் உயர்ந்திருப்பது அதற்கான அடையாளம். ரேமோடு சேர்த்து ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது விஎம் சற்று உறைந்து நிற்கும், அந்த நேரத்துக் குரல் போனது போனதுதான். அழைப்பு நடக்கும் வேளையில் ஸ்னாப்ஷாட் வேண்டாம்.

32-ஐத் தாண்டிவிட்டது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஆர்எஃப்சி 4028-இன் செஷன் டைமர் (அழைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கடிகாரம்) வழக்கமாக 1800 விநாடி. பாதியில், 900-வது விநாடியில் ஒரு புதுப்பிப்புச் செய்தி போகும். அதுவும் கான்டாக்ட் முகவரியை நம்பித்தான் போகிறது. 15 நிமிடத்திலோ, அரை மணிக்குச் சற்று முன்னாலோ அழைப்பு கட்டானால் சந்தேகம் இங்கே போக வேண்டும். சோதிக்க அரை மணி காத்திருக்கத் தேவையில்லை. அந்தப் பயனரின் செஷன் காலத்தை, அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சமான 90 விநாடியாக்கிவிட்டு இரண்டு நிமிடம் பேசிப் பாருங்கள். ஃபோன் செஷன் டைமரை ஏற்கிறது என்றால் 45-ஐ ஒட்டிப் புதுப்பிப்பு போவது தெரியும். பிறகு பழைய எண்ணுக்கே மாற்றிவிடுங்கள்.

இதே அமைப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும்போது மாற்ற வேண்டியவை: தனியார் முகவரித் தடையை மீண்டும் இயக்குவது, 5060 ஃபார்வர்டைத் தொலைபேசி நிறுவனம் தரும் முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதிப்பது, ஆஸ்டரிஸ்க் விஎம்முக்கு வெளிச்செல்லும் நாட் அமைப்பில் ஸ்டாட்டிக் (மாறாத) போர்ட் போடுவது. பிஎஃப்சென்ஸ் வெளியேறும் பாக்கெட்டின் மூல போர்ட்டை வழக்கமாக மாற்றிவிடும். 5060-இலிருந்து வருவதை மட்டும் ஏற்கும் நிறுவனங்களிடம் அது எடுபடாது. யுடிபி இணைப்பின் நினைவு பிஎஃப்சென்ஸில் 30 முதல் 60 விநாடிக்குள் அழிந்துவிடும் என்பதால், குவாலிஃபை (எதிர்முனை இருக்கிறதா என்று ஆஸ்டரிஸ்க் கேட்பது) இடைவெளியை 25 விநாடியாக வையுங்கள். இணையச் சேவையின் பொது முகவரி அடிக்கடி மாறுவதாக இருந்தால், டிரான்ஸ்போர்ட்டில் எழுதிய இரண்டு வரிகளும் மாறும் நாளில் பழையதாகிவிடும், 32 விநாடிப் புகார் திரும்ப வரும். நிலையான முகவரி ஒன்றை வாங்கிவிடுவது அதற்கு நேரடியான தீர்வு.